ஐஎஃப்கொன்ஃபிக்கை விட்டு வெளியே வருவம்

எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். தமிழில் லினக்ஸ் வலையமைப்புப் படிப்பிக்கிற ஆரும் இனி ஐஎஃப்கொன்ஃபிக், நெட்ஸ்டாட், ரூட், ஆர்ப் என்ற நாலு கட்டளைகளையும் முதல் பாடமாக வைக்கக் கூடாது. அந்த இடத்துக்கு ஐபி, எஸ்எஸ் என்ற இரண்டும் வரவேண்டும். பழையதைத் தெரிந்து வைத்திருப்பதில் பிழையில்லை. பழையதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதில்தான் பிரச்சினை இருக்கு. அதற்கான விலையைப் படிப்பிக்கிறவர் கட்டுவதில்லை. தமிழ் நோட்ஸை மட்டும் நம்பிப் படிக்கிற பிள்ளைதான் கட்டுது.

கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே இங்கே தமிழில் எழுதுகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துக்கள்தான்.

"கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இதுக்குள்ள என்ன வேலை?" எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்வி. எங்கட குழுவிடம் இருக்கிறது பாவித்துக் கழித்த மடிகணினிகள். அதில் லினக்ஸ்தான் ஓடுது, ஏனெண்டால் அதுக்குக் காசு கேட்கிறதில்லை. ஸ்கேன் பண்ணுகிற பழைய சஞ்சிகைகளும் ஊர்ப் பெரியாக்களிடம் எடுக்கிற ஒலிப்பதிவுகளும் அதுக்குள்ளதான் கிடக்கு. இணைப்பு விழுந்தால் கொழும்பில் இருந்து ஒருத்தரும் வரப்போவதில்லை, நாங்களேதான் பார்க்கவேணும். அப்படிப் பார்க்கத் தொடங்கினபோது, இது கணினிப் பிரச்சினை மட்டுமில்லை, மொழிப் பிரச்சினையும்தான் எண்டு விளங்கினது. மொழி எண்டால் அது எங்கட பாடம்.

முதலில் நடக்கிற கதையைச் சொல்லுவம். ஒரு பிள்ளை புதிய உபுண்டுவோ டெபியனோ போடுது. இன்டர்நெட் வரவில்லை. ரியூசனில் தந்த நோட்ஸை, இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைத் திறக்குது. "ஐஎஃப்கொன்ஃபிக் எண்டு தட்டவும்" எண்டு இருக்கு. தட்டினால், அப்படியொரு கட்டளை இல்லை எண்டு கணினி சொல்லுது. பிள்ளை எழுத்துப் பிழையோ எண்டு திரும்பத் திரும்பத் தட்டுது. பிறகு ஆரையாவது கேட்டால், "நெட்-டூல்ஸ் பொதியைப் போடு" எண்டு பதில் வருது. அந்தப் பொதியைப் போட இன்டர்நெட் வேணும். இன்டர்நெட் ஏன் வரவில்லை எண்டு பார்க்கத்தான் அந்தப் பொதி வேணும். கிணத்தில் விழுந்த வாளியை எடுக்கிறதுக்கான கயிறும் கிணத்துக்குள்ளேயே கிடக்கிற மாதிரி.

அதே கணினியில் ஐபியும் எஸ்எஸ்ஸும் ஏற்கெனவே இருக்கு. தட்டினால் பதில் வரும். ஆனால் அது அந்த நோட்ஸில் இல்லை.

இந்த மாற்றம் நேற்று முந்தநாள் நடந்ததில்லை. ஐஎஃப்கொன்ஃபிக் வெளிவந்தது 1983இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து யுனிக்ஸின் 4.2 பதிப்போடு. 1983 எண்டால் எங்கட வீடுகளில் வேற ஞாபகம் வரும். உலகத்தின் மற்றப் பக்கத்தில் அந்த வருசம் இணையத்தின் அடித்தளம் போடப்பட்டுக் கொண்டிருந்தது. 90களில் லினக்ஸ் வந்தபோது, அதே பெயரில், அதே பழக்கத்தில் கட்டளைகளை எழுதி நெட்-டூல்ஸ் எண்டு ஒரு பொதியாகக் கட்டினார்கள். அதன் 1.60ஆவது பதிப்பு 2001இல் வந்தது. அதுக்குப் பிறகு பத்து வருசத்துக்கு அது கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்டது.

லினக்ஸ் நிற்கவில்லை. 1999 ஜனவரியில் வந்த 2.2 கேர்னலில் வலையமைப்புப் பகுதி பெரிய அளவில் மாறினது. அதில் முக்கியமான ஆள் மொஸ்கோவில் உள்ள அணு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த அலெக்ஸி குஸ்னெத்சோவ். அந்தப் புதிய கேர்னலோடு பேச அவர் எழுதினதுதான் ஐபிரூட்2 பொதி. ஐபியும் எஸ்எஸ்ஸும் அந்தப் பொதியைச் சேர்ந்தவை. பிறகு லினக்ஸ் வழங்கல்கள் ஒவ்வொன்றாகப் பழசைக் கழற்றத் தொடங்கின. 2014இல் வந்த சென்ட்ஓஎஸ் 7இன் சிறிய நிறுவலில் நெட்-டூல்ஸ் இல்லை. 2017இல் வந்த டெபியன் 9இல் அது தானாக வருவதில்லை. 2018இல் வந்த உபுண்டு 18.04இலும் அப்படித்தான். சென்னை சி-டாக் தயாரிக்கிற பொஸ் லினக்ஸ் டெபியனை அடியாகக் கொண்டது. கேரளப் பாடசாலைகளுக்கு கைட் நிறுவனம் தருகிற லினக்ஸ் உபுண்டுவை அடியாகக் கொண்டது. மேலே எடுக்கிற முடிவு எங்கட பக்கத்து வகுப்பறைகளுக்கும் வந்து சேரும் எண்டதுக்கு இது போதும்.

அதாவது, நாங்கள் "புதுசு" எண்டு சொல்லுகிற கட்டளைக்கு எங்களில் கனபேரை விட வயசு கூட. 20 வயசுப் பிள்ளைக்கு, அது பிறக்க முதலே வந்த ஒரு கருவியை இன்னும் ஒருத்தரும் தமிழில் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பெயர் மட்டும்தானே மாறினது, இதுக்கேன் இவ்வளவு சத்தம்?" எண்டு கேட்கலாம். பெயர் மட்டும் மாறியிருந்தால் நாங்கள் எழுதியிருக்கவே மாட்டம். பழைய கட்டளைகள் பாதிப் பதிலைத் தருகின்றன. பாதிதான் எண்டு சொல்லுவதும் இல்லை. அதுதான் ஆபத்து.

ஒரு வைஃபை அட்டைக்கு ஐபி கட்டளையால் இரண்டாவது முகவரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கோ. கணினி இரண்டு முகவரியிலும் பதில் சொல்லும். ஐஎஃப்கொன்ஃபிக்கைக் கேட்டால் ஒன்றைத்தான் காட்டும். இன்னொன்று: ஐஎஃப்கொன்ஃபிக்கால் 10.0.0.5 எண்டு ஒரு முகவரியை மட்டும் கொடுத்தால், வலையின் அளவை அதுவாக ஊகித்து 255.0.0.0 எண்டு போட்டுவிடும். முகவரிகளை ஏ, பி, சி எண்டு வகுப்புப் பிரித்த காலத்து வழக்கம் அது. அந்த வகுப்பு முறையை 1993இலேயே கைவிட்டாச்சு. ஆர்ப் கட்டளைக்கு ஐபிவி4 மட்டும்தான் தெரியும். ஐபிவி6இல் பக்கத்தில் ஆர் இருக்கினம் எண்டு கேட்டால் அதுக்குப் பதிலில்லை.

எங்களுக்கு எல்லாத்தையும் விட முக்கியமாகப் படுகிறது ரூட் கட்டளையின் கதை. இலங்கையில் விபிஎன் எண்ட சொல் வீட்டுச் சொல்லானது எப்பிடி எண்டு எல்லாருக்கும் தெரியும். 2018 மார்ச்சில் கண்டி வன்முறை நேரம் சமூக ஊடகங்களை மறித்தார்கள். 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு திரும்பவும். 2022 ஏப்ரலில், போராட்டம் சூடுபிடித்த நேரம் இன்னொருக்கா. அந்த நாட்களில் போன் வைத்திருந்த பாட்டிமாருக்குக் கூட விபிஎன் போட்டுக் குடுத்தம். இப்ப லினக்ஸில் வயர்கார்ட் எண்ட விபிஎன்னை அதன் வழக்கமான கருவியால் போட்டு, எல்லாப் போக்குவரத்தையும் அதுக்குள்ளால விடச் சொன்னால், அது தன்ர வழியை வேறொரு பாதை அட்டவணையில் எழுதி வைக்கும். லினக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதை அட்டவணைகள் இருக்கலாம். ரூட் கட்டளை பிரதான அட்டவணையை மட்டும்தான் காட்டும். ஆகவே அதைப் பார்க்கிற ஆள் "என்ர போக்குவரத்து பழைய வழியாலதான் போகுது, விபிஎன் வேலை செய்யவில்லை" எண்டு நினைப்பார். உண்மையில் அது விபிஎன்னுக்குள்ளால போய்க்கொண்டிருக்கும். ஐபி ரூல் எண்டு கேட்டால் எந்த அட்டவணைக்கு எப்ப போகுது எண்டு தெரியும். ஐபி ஆர் கெட் எண்டு தட்டி ஒரு முகவரியையும் குடுத்தால், அந்த முகவரிக்கு உண்மையில் எந்த வழியால் போகும் எண்டு கேர்னலே சொல்லும். தன்ர பாதுகாப்புக்காக விபிஎன் போடுகிற ஒருத்தருக்கு, பாதிப் பதிலுக்கும் முழுப் பதிலுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விசயமில்லை.

இந்த மாதிரி ஒரு மாற்றம் எங்கட மொழிக்குப் புதுசில்லை. பாமினி எழுத்துருவை நினைச்சுப் பாருங்கோ. பாமினியில் தட்டின "அம்மா" திரையில் அம்மாவாகத்தான் தெரியும். கோப்புக்குள்ள இருக்கிறதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். உங்கட கணினியில் வடிவாகத் தெரியும், அடுத்தவர் திறந்தால் குப்பை. தேடினால் அகப்படாது. 1991இல் வந்த யுனிக்கோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் அதுக்குப் பிறகு எத்தனையோ வருசம் ஆய்வேடுகளும் மலர்களும் கல்வெட்டுகளும் பாமினியிலேயே தட்டப்பட்டன. "எனக்குத் தெரியுது, பிறகென்ன?" எண்டதுதான் அப்பவும் சொல்லப்பட்ட நியாயம். இப்ப அந்தக் கோப்புகளை எண்ணிமமாக்கத் திறக்கிற பிள்ளையளைக் கேட்டால் அதன் விலை என்னெண்டு சொல்லுவினம். பார்வைக்குச் சரியாகத் தெரிகிற ஒரு விசயம் உள்ளுக்குள் பழசாக இருக்கலாம் எண்டதை எங்களை விட நல்லாத் தெரிஞ்ச சமூகம் இல்லை.

எதிர்ப் பக்கத்தில் சொல்லப்படுவதையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்பம். முதலாவது: இந்த மாற்றத்தை லினக்ஸ்காரர் செய்த விதம் சரியோ? ஃப்ரீபிஎஸ்டியில் ஐஎஃப்கொன்ஃபிக்கைக் கைவிடாமல் அதையே வளர்த்தெடுத்தார்கள். அப்பிளின் மாக் கணினிகளிலும் அந்தப் பெயர்தான் இன்றைக்கும். லினக்ஸுக்குள்ளேயே நல்ல உதாரணம் இருக்கு: 2019இல் வந்த டெபியன் 10இல் ஐபிடேபிள்ஸ் கட்டளை அதே பெயரோடு இருக்க, உள்ளே இருந்த இயந்திரத்தை மட்டும் என்எஃப்டேபிள்ஸுக்கு மாற்றினார்கள். பாமினி விசைப்பலகையில் பழகின விரல்களோடேயே யுனிக்கோட்டில் எழுத வழி செய்தது மாதிரி. பழகினவரின் விரலையும் மதித்து மாற்றத்தையும் செய்யலாம். ஐஎஃப்கொன்ஃபிக் விசயத்தில் அப்படி நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது. இந்த விமர்சனத்தை நாங்கள் ஏற்கிறம். ஆனால் நடந்தது நடந்துபோச்சு. அந்தக் கோபத்தை ஏஎல் படிக்கிற பிள்ளையின் நோட்ஸில் காட்டக் கூடாது.

இரண்டாவது: ஐபியின் பதில் கண்ணைக் கட்டுது, நெருக்கமாக இருக்கு. உண்மைதான். ஆனால் ஐபி கட்டளைக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் பிஆர் எண்ட இரண்டு எழுத்தும் சேர்த்தால், ஒரு இடைமுகத்துக்கு ஒரு வரி எண்டு சுருக்கித் தரும். அதை முதல் நாளே சொல்லிக் குடுத்தால் பயம் போயிடும். ஒருத்தரும் சொல்லிக் குடுக்காததுதான் பிரச்சினை.

மூன்றாவது: பழைய சேர்வர்கள் இன்னும் ஓடுது, அங்கே வேலைக்குப் போனால் பழசும் தெரியவேணும். சரி. அதுக்காகத்தான் "முதல் பாடமாக" எண்டு எழுதினம். பழசைக் கடைசியில் ஒரு பக்கத்தில் போடலாம். முதல் பக்கத்தில் போடக் கூடாது.

நாலாவது நியாயம் வெளியில் சொல்லப்படுவதில்லை, ஆனால் எல்லாத்தையும் விடப் பலமானது: பழசால் உடனடி ஆபத்து எதுவும் வரவில்லை. டெல்நெட்டை விட்டு எஸ்எஸ்எச்சுக்கு ஆக்கள் மாறினதுக்குத் தெளிவான காரணம் இருந்தது. டெல்நெட்டில் கடவுச்சொல் அப்படியே வெளிச்சத்தில் போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்களைத் திருடினதைப் பார்த்துத்தான் 1995இல் தாத்து யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். அங்கே பயம் ஆக்களைத் தள்ளினது. இங்கே தள்ள ஒன்றுமில்லை. அதனால்தான் இது இழுபடுது. பயம் தள்ளாத இடத்தில் ஆசிரியர்தான் தள்ளவேணும்.

எப்படிப் படிப்பிக்கலாம்? கட்டளையைப் பாடமாக்க விடாமல் கேள்வியைப் படிப்பிக்கலாம். வலையமைப்பில் ஒரு கணினிக்கு முன்னால் இருக்கிற ஆள் கேட்கிறது அநேகமாக நாலே நாலு கேள்வி.

என்ர முகவரி என்ன? ஐபி ஏ. பக்கத்தில் ஆர் இருக்கினம்? ஐபி என். வெளியே போக எது வழி? ஐபி ஆர். எந்தத் துறை திறந்திருக்கு, அதுக்குப் பின்னால் எந்த நிரல் நிற்குது? எஸ்எஸ். நெட்ஸ்டாட்டுக்குப் பழகினவர் பின்னால் போடுகிற ரி, யூ, எல், பி, என் எண்ட அதே அஞ்சு எழுத்தையும் இதுக்கும் போடலாம்.

ஆங்கிலத்தில் போர்ட் எண்டதைத் தமிழ்க் கலைச்சொல்லில் துறை எண்டு சொல்லுகினம். திருமலைப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. துறைமுகத்தில் எந்தத் துறையில் எந்தக் கப்பல் நிற்குது எண்டு கேட்கிறது மாதிரியே, கணினியின் எந்தத் துறையில் எந்த நிரல் காத்திருக்குது எண்டு கேட்கலாம். சொல் ஏற்கெனவே எங்களிட்ட இருக்கு. கேள்வி பிள்ளையின் கையில் இருந்தால், கட்டளை நாளைக்குத் திரும்ப மாறினாலும் பிள்ளை தொலைஞ்சு போகாது. கட்டளையை மட்டும் பாடமாக்கின பிள்ளை, அது இல்லாத கணினிக்கு முன்னால் ஊமையாகிப் போகும்.

புதுசில் இன்னும் இரண்டு விசயம் இருக்கு, எங்களைப் போல டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கிற ஆக்களுக்கு உதவுகிறது. பழைய கட்டளைகள் கேர்னலிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லாவிட்டால் ஒரு உரைக் கோப்பை வரி வரியாக வாசித்துப் பதில் சொல்லும். புதியவை நெட்லிங்க் எண்ட வழியால் கேர்னலோடு பேசும். அந்த வழியில் கேர்னலும் தானாக வந்து செய்தி சொல்லலாம். ஐபி மொனிட்டர் எண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கோடும் ரி எண்ட எழுத்தும் சேர்த்துத் தட்டிவிட்டு விட்டால், இணைப்பு விழுந்த நேரம், எழும்பின நேரம், முகவரி மாறின நேரம் எல்லாம் திரையில் வந்துகொண்டே இருக்கும். "இடைக்கிடை கட் ஆகுது" எண்டு சேவை நிறுவனத்துக்குப் போன் எடுத்துச் சொல்லுகிறதுக்கும், "இத்தனை மணிக்கு இத்தனை தரம் விழுந்தது" எண்டு சொல்லுகிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அதேபோல எஸ்எஸ்ஸுக்குப் பின்னால் ரி, ஐ எண்டு இரண்டு எழுத்துப் போட்டால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பக்கெற் போய்வர எவ்வளவு நேரம் எடுக்குது, எத்தனை பக்கெற்றைத் திரும்ப அனுப்ப வேண்டி வந்தது எண்டு காட்டும். எல்லா இணைப்பிலும் திரும்ப அனுப்புகிற கணக்கு ஏறிக்கொண்டு போனால் பிழை அநேகமாக எங்கட பக்கத்து இணைப்பில். ஒன்றில் மட்டும் ஏறினால் தூரத்தில் எங்கேயோ. நெட்ஸ்டாட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் இந்த விபரம் கிடைக்காது.

இனி மொழிக்கு வருவம். ஆங்கிலம் ஓடுகிற பிள்ளைக்கு இந்த மாற்றம் ஒரு தேடலில் தீர்ந்துபோகிற விசயம். தமிழில் மட்டும் படிக்கிற பிள்ளைக்கு அப்படியில்லை. தமிழில் ஒரு நோட்ஸ் ஒருக்கா எழுதப்பட்டால், அது போட்டோக்கொப்பியாகி, ஸ்கேனாகி, பிடிஎஃப்பாகி, வருசக்கணக்காகச் சுத்தும். எந்த வருசம் எழுதினது எண்டு ஒரு இடத்திலும் இருக்காது. எழுதினவர் இப்ப வெளிநாட்டில் இருப்பார். பிழையெண்டு கண்டாலும் திருத்த வழியில்லை, ஏனெண்டால் அது படமாகத்தான் இருக்கு. "தமிழில் படித்தால் பின்தங்கிப் போவாய்" எண்டு சொல்லுகிற ஆக்களுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மொழி பிள்ளையைப் பின்தள்ளவில்லை. தேதி போடாத, திருத்த முடியாத நோட்ஸ்தான் தள்ளுது.

வேற மாதிரியும் செய்யலாம் எண்டதுக்குத் தமிழிலேயே முன்னுதாரணம் இருக்கு. 2012இல் தொடங்கின கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருது. அதன் மின்னூல்களைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் தருகினம். அதாவது ஆரும் எடுத்து, திருத்தி, திரும்பப் பகிரலாம். எங்கட நோட்ஸும் அப்படி இருக்கவேணும் எண்டதுதான் எங்கட கோரிக்கை.

படிப்பிக்கிற அண்ணாமார், அக்காமார், ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்கிறது நாலு விசயம்தான். நோட்ஸின் முதல் வரியில் வருசமும், எந்த வழங்கலின் எத்தனையாம் பதிப்பில் தட்டிப் பார்த்தது எண்டதும் இருக்கட்டும். ஒவ்வொரு பாடத்திலும் முதலில் கேள்வி, பிறகு புதிய கட்டளை, கடைசியில் "பழைய கணினியில் இப்படி" எண்டு ஒரு வரி வரட்டும். வகுப்புச் சோதனையில் கட்டளையின் பெயரை மட்டும் கேட்காமல், வந்த பதிலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ. நோட்ஸைப் படமாக அனுப்பாமல் யுனிக்கோட்டில் எழுத்தாக அனுப்புங்கோ, திருத்தவும் அனுமதியுங்கோ.

எங்கட பக்கத்து வேலையை நாங்களும் செய்யிறம். மேலே சொன்ன நாலு கேள்வியையும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதத் தொடங்கியிருக்கிறம். ஐபிவி6 பகுதிக்கும் பாதை அட்டவணைப் பகுதிக்கும் நல்ல தமிழ் உதாரணங்கள் இன்னும் தேவை. கணினி படிக்கிற பிள்ளையள் கட்டளைகளைத் தட்டிச் சரிபார்த்துத் தந்தால், தமிழை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம். அதன் முதல் வரியில் வருசம் இருக்கும். அந்த வருசம் பழசாகிப் போச்செண்டு உங்களுக்குப் படுகிற அன்றைக்கு, எங்களைக் கேட்காமலே மாற்றி எழுதுங்கோ.